காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலை உலகம்மாள் மூன்று தடவை படித்தாள். முதல் தடவை தன் பெயரைத் தேடிப் படித்தாள். இரண்டாம் தடவை, கண் தவறியிருக்குமோ என்று படித்தாள். மூன்றாம் தடவை மார்க்கைக் கூட்டிக் கழித்துப் படித்தபோதுதான் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

திருவனந்தபுரத்தில் இந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் மேற்படிப்புக்கு மொத்தம் முப்பது இடம். அதில் எஸ்.சி.க்கு இரண்டு. நுழைவுத் தேர்வு இருநூறு மார்க்குக்கு. பொதுப்பட்டியலில் கடைசியாக இடம் பிடித்தவனின் மார்க் நூற்றுப் பதினெட்டு. எஸ்.சி. பட்டியலில் முதல் பெயர் பகவதிப்பெருமாள், நூற்று முப்பத்தொன்று. இரண்டாவது கொல்லத்துக்காரன் ஒருவன், நூற்று நான்கு. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே காத்திருப்போர் என்று தலைப்புப் போட்டு, முதல் பெயர் உலகம்மாள், தொண்ணூற்றேழு.

நூற்று முப்பத்தொன்று வாங்கினவன் நூற்றுப் பதினெட்டுக்கு மேலேதானே இருக்கிறான்? கண் தெரியாதவன் தடவிப் பார்த்தாலும் தெரிகிற கணக்கு. அவன் பொதுப்பட்டியலில் போய் உட்கார வேண்டியவன். அவன் அங்கே போனால் கொல்லத்துக்காரன் ஒரு படி ஏறுவான், இவள் கோட்டுக்கு மேலே வருவாள். விண்ணப்பத்தோடு கொடுத்த விவரப் புத்தகத்தில் பதினோராம் விதியாக இதை அச்சடித்தே வைத்திருந்தார்கள். மார்க்கின் பேரில் பொதுப்பட்டியலில் வரக்கூடியவர்களை அங்கேதான் சேர்க்க வேண்டும், ஒதுக்கின இடத்தில் சேர்க்கக் கூடாது என்று. அச்சில் இருந்து என்ன, பலகையில் இல்லையே.

உலகம்மாளுக்கு இந்தச் சீட்டு வெறும் படிப்பு இல்லை. அவள் பிறந்து வளர்ந்தது போனக்காடு தேயிலை எஸ்டேட்டில். அம்மா சுடலைமாடத்திக்கு ஆகஸ்டோடு வேலை முடிகிறது. எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவள் தன் இடத்துக்குத் தன் வீட்டில் ஒரு பெயரைக் கொடுக்கலாம், அதுவும் ஜூலை முடிவதற்குள் கொடுக்க வேண்டும். அண்ணன் வேலப்பன் ஏற்கெனவே ஃபாக்டரியில் இருக்கிறான். மிச்சம் இருப்பது இவள் ஒருத்தி. அம்மா அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சீட்டு கிடைத்தால் படிக்கப் போ, கிடைக்காவிட்டால் கூடையை எடு, வந்த வேலையை விட நாம் என்ன துரை வீட்டுப் பிள்ளைகளா என்று கேட்டாள். பி.எஸ்ஸி. கணக்கில் முதல் வகுப்பு வாங்கின பெண் முதுகில் கூடையோடு மலைச்சரிவில் நிற்பதை நினைக்கவே உலகம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அவள் அதை வெளியே சொன்னதில்லை. அம்மா முப்பத்தெட்டு வருஷம் நின்ற சரிவு அது.

விண்ணப்பம் ஒன்றுதான், விருப்பம் இரண்டு எழுதலாம். முதலில் கம்ப்யூட்டர் எழுதினாள். இரண்டாவது மேனேஜ்மென்ட் எழுதினது அம்மாவுக்காக. மேனேஜ்மென்ட் என்றால் மேனேஜர், மேனேஜர் என்றால் பங்களாவில் இருக்கிற துரை, அதற்கு மேல் உலகத்தில் என்ன வேலை இருக்கிறது என்பது சுடலைமாடத்தியின் எண்ணம். மகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கசப்பு. கொழுந்து எடை குறைந்ததென்று அம்மாவை ஊர் முன்னால் நாக்கு அழுகப் பேசினவன் ஒரு மேனேஜர்தான். கம்ப்யூட்டரில் சேருகிறவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் சேர்ந்த பிறகு, மீதி ஆட்களை வைத்துத்தான் மேனேஜ்மென்ட் பட்டியல் போடுவார்கள். அதை அவள் அப்போது நினைக்கவே இல்லை. அவளுக்குக் கணக்கு வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும். கையில் வெள்ளி வரைக்கும் மூன்று நாள் இருந்தது.

அட்மிஷன் செக்ஷனில் ராமசுப்ரமணியன் என்று ஒருவர் இருந்தார். ஸ்ரீவராகத்திலிருந்து சைக்கிளில் வருகிற மனிதர். பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. விவரப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு உலகம்மாள் அவர் மேஜைக்கு முன்னால் நின்றாள். அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

"ஒனக்கு என்ன மார்க்கு?" என்றார்.

"தொண்ணூத்தேழு சார். ஆனா நான் வந்தது..."

"தொண்ணூத்தேழு" என்று பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி அவர் ஒரு தடவை சொன்னார். பக்கத்து மேஜை சிரித்தது.

அவள் விடவில்லை. பகவதிப்பெருமாளின் மார்க்கைச் சொன்னாள், பொதுவின் கடைசி மார்க்கைச் சொன்னாள், பதினோராம் விதியைப் படித்தே காட்டினாள். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார், மாட்டுக்குப் பாடம் எடுக்கிறவரின் பொறுமை. விண்ணப்பம் தபாலில் வந்த அன்றைக்கே, ஜாதி சர்டிபிகேட் இணைத்ததற்கெல்லாம் மூலையில் சிவப்புப் பென்சிலால் எழுத்துப் போடுவார். சிவப்பு எழுத்து உள்ளது ஒரு கட்டு, இல்லாதது ஒரு கட்டு. மார்க் வந்ததும் அந்தந்தக் கட்டுக்குள் மேலது மேலே கீழது கீழே என்று அடுக்குவார். இரண்டு கட்டையும் ஒன்றாக அவிழ்த்து அவர் பார்த்ததே கிடையாது. சர்டிபிகேட் வைத்தவன் இந்தக் கட்டில்தான் இருப்பான், அந்தக் கட்டுக்கு எப்படிப் போவான் என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

வேண்டுமென்று செய்தாரா என்றால், இல்லை. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போடச் சுளுவாக இருந்திருக்கும். இதுவரை சிவப்பு எழுத்துக்காரன் எவனும் பொதுவின் மார்க்கைத் தாண்டவில்லை. அதனால் அந்தத் தப்பு யார் கண்ணிலும் படாமல் நாற்காலியோடு நாற்காலியாகக் கிடந்தது. இப்போது ஒருத்தி வந்து விதியைக் காட்டிவிட்டாள், அதுவும் காத்திருப்போர் பட்டியல்காரி, அதுவும் எஸ்டேட்டிலிருந்து. அவர் முகம் மாறியது அதற்குத்தான்.

"ரூல் எனக்குத் தெரியும், கேட்டயா குட்டி. நீ இதுல யாரு? வெயிட்டிங் லிஸ்ட். ஒனக்குப் பாத்யதை கிடையாது. அந்தப் பையனுக்கு ஆக்ஷேபம் இருந்தா அவன் எழுதித் தரட்டும். அவன் பேரை நிறுத்தி வெச்சு திங்கக்கிழமை டைரக்டர் மேஜைக்கு அனுப்பறேன். டைரக்டர் டெல்லியிலிருந்து வந்து தீர்மானிப்பார். அதுவரைக்கும் அவன் இந்த லிஸ்ட்லயும் இல்லை, அந்த லிஸ்ட்லயும் இல்லை."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்கு ஒரு ருசி இருந்தது. உலகம்மாள் அதைக் கவனிக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒருத்தன் ஒரு கடுதாசி எழுதிக் கொடுக்க வேண்டும், வெள்ளிக்குப் பிறகு மூன்று நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதானே என்று அவளுக்குத் தோன்றியது. அச்சடித்த விதியை டைரக்டர் என்ன அடித்தா விடப்போகிறார்?

சாலை பஜாரில் ஒரு ஹோட்டலில் மாவாட்டுகிற சித்தி வடிவம்மாளின் வாடகை அறையில் அவள் தங்கியிருந்தாள். சித்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு, அந்தப் பையன் நம் ஆள்தானே, நேரில் போய்க் கேள், மாட்டேன் என்றா சொல்வான் என்றாள். பாவம், உலகம்மாளும் அப்படித்தான் நம்பினாள். பட்டியலில் பெயருக்கு எதிரே விலாசமும் போட்டிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் உலகம்மாள் அந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸைத் தேடிப் போனாள்.

பகவதிப்பெருமாளின் அப்பா அழகியநம்பி ட்ரஷரியில் அதிகாரி. நாகர்கோவில் பக்கத்து ஆள், இருபது வருஷமாகத் திருவனந்தபுரம். கதவைத் திறந்த அவர் மனைவி விஜயம் எந்த ஊர் என்று கேட்டாள். போனக்காடு என்றதும், எஸ்டேட்டா என்று இழுத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. வராந்தாவில் நாற்காலி இரண்டு கிடந்தன, உட்கார் என்றும் சொல்லவில்லை. உலகம்மாள் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அழகியநம்பி உட்கார்ந்துகொண்டு கேட்டார். ட்ரஷரிக்காரர் ஆயிற்றே, கணக்கு அவருக்கு உடனே புரிந்தது. புரிந்ததும்தான் முகம் இறுகியது.

"ஒனக்கு எத்தற மார்க்கு?" என்றார்.

தொண்ணூற்றேழு என்றாள். இந்த ஊரில் இவளுக்குப் பெயரே அதுதான் போலிருக்கிறது.

"கேட்டுக்கோ பிள்ளே. அறுவத்திரண்டுல உத்தியோகத்துக்கு என்னையும் இப்பிடித்தான் பொதுவுல கொண்டு போட்டானுவ. மார்க்கு உண்டும்லா. நானும் நெஞ்ச நிமித்திட்டு நடந்தேன். மூணு மாசத்துல லிஸ்ட்ட திருத்தினானுவ. பொதுவுல என் பேரு இல்ல. நம்ம லிஸ்ட்டுல போயிப் பாத்தா என் எடத்துல வேற ஆளு. மூணு வருசம் சும்மா வீட்டுல கெடந்தேன். இது நம்ம பேரு எழுதின எடம். இதுல கெடந்தா ஒருத்தனும் தட்டிப் பறிக்க முடியாது."

"வெள்ளிக்கெழமைக்கு அப்புறம் மூணு நாளுதான் சார். விதி அச்சடிச்சிருக்கு."

"மூணு நாளு ஒனக்கு ஒண்ணுமில்ல. போறது என் மவன் சீட்டுல்லா? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்."

அந்தப் பழமொழியைக் கேட்டதும் உலகம்மாளுக்கு இருந்த மரியாதை எல்லாம் வற்றிப்போயிற்று. அவள் தானம் கேட்கவா வந்தாள்?

"தர்மம் கேக்க நான் வரல. ஒங்க மவனுக்கு அங்க ஒரு எடம் கெடக்கு. அவன் போகாததுனால நூத்திப் பதினெட்டு வாங்கின எவனோ அதுல ஏறி ஒக்காந்திருக்கான். நம்ம ரெண்டுல ஒண்ண எடுத்து அவனுக்குக் குடுத்தாச்சு. அதுக்கு நீங்க காவலு இருக்கீங்க."

அழகியநம்பி எழுந்தார். தொண்ணூற்றேழு வாங்கிக்கொண்டு வீடேறி வந்து நியாயம் பேசுகிற வாயா இது, படிக்க வேண்டிய நேரத்தில் படித்திருந்தால் அடுத்தவன் வாசலில் வந்து நிற்க வேண்டாமே என்றார். போனக்காட்டில் கரண்டு இல்லாத லயத்து வரிசை வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தொண்ணூற்றேழு அது. அதை அவரிடம் சொல்லவும் அவளுக்கு நாணமாக இருந்தது. சொன்னால் அதுவும் பிச்சை கேட்ட மாதிரி ஆகும். அவள் படியிறங்கினாள்.

பகவதிப்பெருமாள் பின்னாலேயே கேட் வரைக்கும் வந்தான். இருபத்திரண்டு வயசு, நெட்டையாக, கையில் வாட்ச். முதலில் மலையாளத்தில் ஏதோ சொல்லத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தான். அப்பா சொன்னால் சொன்னதுதான், தனக்கு ஒன்றும் செய்ய முடியாது என்றான். உனக்கு என்ன தோன்றுகிறது என்று அவள் கேட்டாள். அவன் கேட்டின் கொண்டியைத் தூக்குவதும் போடுவதுமாக நின்றான்.

"பரீச்ச எழுதும்போதும் அப்பாதான் கூட இருந்தாரோ?" என்றாள் உலகம்மாள்.

அவன் கொண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனான். அந்தக் குத்தல் ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த லாபம். அதையும் பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்தால் ருசிக்கவில்லை.

வியாழக்கிழமை அவளே ஒரு மனு எழுதினாள். நான்கு பக்கம். ராமசுப்ரமணியன் அதை வாங்கி, படிக்காமலே ரப்பர் ஸ்டாம்ப் அடித்து, டைரக்டர் தட்டில் போட்டு மேலே ஒரு பேப்பர் வெயிட்டும் வைத்தார். திங்கட்கிழமை பார்ப்பார் என்றார். வெள்ளிக்கிழமை சேர்க்கை முடிந்துவிடுமே என்றாள். ஆமாம், முடிந்துவிடும் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வெள்ளிக்கிழமை காலையில் சேர்க்கை ரிஜிஸ்தரை ஒரு நீளமான மேஜையில் விரித்து வைத்திருந்தார்கள். பொதுவுக்கு ஒரு காலம், எஸ்.சி.க்கு ஒரு காலம் என்று பக்கத்தை நெடுக்காகக் கோடு போட்டுப் பிரித்திருந்தது. உலகம்மாள் அந்த மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். நூற்றுப் பதினெட்டுக்காரனும் வந்தான். அம்மாவும் பெரியப்பாவும் கூட வந்திருந்தார்கள். மிட்டாய் டப்பா ஒன்றைத் திறந்து மேஜைக்கு மேஜை நீட்டினான், இவளுக்கும் நீட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

பதினொன்றரைக்குப் பகவதிப்பெருமாள் அப்பாவோடு வந்தான். அழகியநம்பி அவளைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தார். மகன் பேனாவைத் திறந்தான்.

"நூத்தி முப்பத்தொண்ணு வாங்கினவன் எந்தக் காலத்துல கையெழுத்துப் போடுதான்னு எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்றாள் உலகம்மாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ஹாலில் பேச்சு நின்றது. அடுத்ததை அவள் மலையாளத்தில் சொன்னாள், எல்லாருக்கும் புரியட்டும் என்று. இவன் ஜெயித்த இடம் வேறே, இவன் உட்காருகிற இடம் வேறே, உட்காருகிற இடம் தன்னுடையது என்று சொன்னாள்.

பகவதிப்பெருமாளின் காது சிவந்தது. பேனா ரிஜிஸ்தருக்கு மேலே ஒரு நிமிஷம் நின்றது. ஒரு வார்த்தை போதும், ஆக்ஷேபம் என்று ஒரு வார்த்தை. அவன் வாயைத் திறக்கப் போகிறான் என்றே அவள் நினைத்தாள். அழகியநம்பி மகனின் தோளில் கை வைத்து மெள்ள அழுத்தினார். அவன் எஸ்.சி. என்று எழுதியிருந்த காலத்தில் கையெழுத்துப் போட்டான். கொல்லத்துக்காரன் ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தான். பன்னிரண்டு அடித்ததும் ராமசுப்ரமணியன் ரிஜிஸ்தரில் அடிக்கோடு இழுத்து மூடினார்.

வெறுப்பு என்றால் என்னவென்று உலகம்மாளுக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. குமாஸ்தாவை வெறுத்தாள், அது லேசு. அப்பனை வெறுத்தாள். மகனைத்தான் கூடுதலாக வெறுத்தாள், கோழை, புத்தி இருந்தும் முதுகெலும்பு இல்லாதவன். தன்னிடம் நூற்று முப்பத்தொன்று இருந்தால் ஆயிரம் டைரக்டர் வந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொதுவில் போய் நின்றிருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். மரத்தடியில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி கட்டிக்கொடுத்த இட்லியைப் பிரிக்கக்கூட இல்லை.

மூன்று மணிக்கு மேனேஜ்மென்ட் பட்டியல் ஒட்டினார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பஸ் நேரத்துக்கு இன்னும் பொழுது இருந்ததால் எழுந்து போய்ப் பார்த்தாள். எஸ்.சி. பட்டியலில் முதல் பெயர் உலகம்மாள், தொண்ணூற்றேழு. கோட்டுக்கு மேலே.

கால் இரண்டும் ஒரு கணம் தரையில் நிற்கவில்லை. கூடை இல்லை, சரிவு இல்லை, அம்மாவின் பெயரை மாற்றித் தன் பெயரைக் கொடுக்க வேண்டாம். அம்மா லயம் முழுக்கச் சொல்லித் திரிவாள், எம்மவ மேனேஜருக்குப் படிக்கப் போறா என்று. கம்ப்யூட்டர் போனால் போகட்டும், கழுதை. அவள் வாய்விட்டுச் சிரித்தேவிட்டாள். பிறகு, பழக்கதோஷம், பொதுப்பட்டியலின் கடைசி வரிக்குக் கண் போயிற்று. தொண்ணூற்றைந்து.

தொண்ணூற்றைந்து. அவளுக்கு இரண்டு கீழே.

அவள் ராமசுப்ரமணியனின் மேஜைக்குப் போனாள். அவர் அவளுக்காகவே காத்திருந்தவர் போல ரிஜிஸ்தரை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மணி மூன்றே முக்கால். நான்கு மணிக்கு இதுவும் மூடிவிடும்.

"பாத்தாச்சோ? ஒன் தொண்ணூத்தேழு இப்போ பொதுவுக்கு மேல. நீயாக்கும் எனக்குப் பதினோராம் விதி சொல்லித் தந்தது" என்றார். சத்தமே போடவில்லை. "இப்போ ஒனக்குப் பாத்யதை உண்டு. எழுதித் தறயா? தா. ஒன் பேரை நிறுத்தி வெச்சுத் திங்கக்கிழமை அனுப்பறேன். இல்லைன்னா இதோ இந்தக் காலத்துல கையெழுத்து. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்து ரிஜிஸ்தருக்குப் பக்கத்தில் வைத்தார்.

உலகம்மாள் பேனாவை எடுத்தாள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் மலையாளத்தில், அக்கா என்கிற முறையில், சேச்சி என்று கூப்பிட்டது. திரும்பிப் பார்த்தால் ஒரு பெண், இருபத்தொன்று இருக்கும். இரவல் புடவை என்று கட்டின விதத்திலேயே தெரிந்தது, மார்போடு அணைத்த ஃபைல். பெயர் ஓமனா, ஊர் வித்துரா. போனக்காட்டுக்காரர்கள் சந்தைக்கு இறங்குகிற ஊர்தான். அதனால் அவளுக்குத் தமிழும் வந்தது, மலையாளம் கலந்த தமிழ். மேனேஜ்மென்ட் எஸ்.சி. பட்டியலில் கோட்டுக்குக் கீழே முதல் பெயர் அவளுடையது. எழுபத்தொன்று.

"சேச்சிக்கு தொண்ணூத்தேழு உண்டு. பொது தொண்ணூத்தஞ்சுல நிக்குது" என்றாள் ஓமனா. பயந்து பயந்துதான் பேசினாள், ஆனால் கணக்கில் பிசகில்லை. "சேச்சி எழுதிக் குடுத்தா எனக்குக் கிட்டும். காலைல சேச்சி அந்தப் பையன்ட்ட பேசினத நான் கேட்டேன். அதாக்கும் தைரியமா வந்து கேக்குதேன்."

உலகம்மாளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்று நாள்தான். விதி அச்சடித்திருக்கிறது. தான் சொன்னது எல்லாமே உண்மை, இப்போதும் உண்மை. ஆனால் டைரக்டர் திங்கட்கிழமை வராவிட்டால்? வந்து, இவள்தானே நான்கு பக்கம் மனு எழுதி வம்பு பண்ணினவள் என்று கேட்டால்? தொண்ணூற்றைந்துக்காரன் யாருடைய மகனோ, யாருக்குத் தெரியும்? பொதுவிலும் இல்லை, இங்கேயும் இல்லை என்று ஆகிவிட்டால், வருகிற வியாழக்கிழமையோடு ஜூலை முடிகிறது, அதற்குள் அம்மா பெயரைக் கொடுத்துவிடுவாள். பிறகு எந்த விதி வந்து கூடையை இறக்கும்?

ஓமனா அங்கேயே நின்றாள். பணிவாக, நம்பிக்கையாக நின்றாள். அந்த நம்பிக்கையைக் காணக் காண உலகம்மாளுக்கு எரிச்சல் மூண்டது. குமாஸ்தா மேல் இல்லை, அழகியநம்பி மேல் இல்லை, இந்தப் பெண் மேல். கடைசிக் கால் மணியில் வந்து நிற்க வேண்டுமா இவள்? இன்னும் பத்து நிமிஷம் கழித்து வந்திருக்கக் கூடாதா?

"உனக்கு வேணும்னா நீயே டைரக்டருக்கு எழுதிப் போடு" என்றாள்.

"வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் பாத்யதை இல்லைன்னு சார் சொல்லிட்டார்."

"அப்பம் நான் என்ன செய்யட்டும்?"

ராமசுப்ரமணியன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகம்மாள் வெள்ளைத் தாளை ஒதுக்கினாள். ரிஜிஸ்தரில் எஸ்.சி. என்று எழுதியிருந்த காலத்தில், முதல் வரியில், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணவில்லை. கோணியிருந்தால் தேவலை என்று பின்னால் தோன்றியது.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் போனக்காடு பஸ் ஒன்றுதான் இருந்தது. ஓமனாவுக்கும் அதே பஸ். அவள் நான்கு வரிசை முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நெடுமங்காடு தாண்டியும் திரும்பவில்லை. உலகம்மாள் எழுந்து போய்ப் பேச நினைத்தாள். அழகியநம்பி சொன்ன கதையை அவளிடம் சொல்ல நினைத்தாள், அம்மாவைப் பற்றிச் சொல்ல நினைத்தாள், உன் எழுபத்தொன்றுக்கு அடுத்த வருஷம் கிடைத்துவிடும் என்று சொல்ல நினைத்தாள். எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அவளுக்கே கேவலமாகக் கேட்டது. அடிவயிற்றில் ஒரு கோபம் வேறே, இவள் திரும்பி ஒரு சண்டையாவது போடக் கூடாதா என்று. காலையில் ஹாலில் தான் போட்ட மாதிரி ஒரு சத்தம் இவள் போட்டிருந்தால் இரண்டு பேருக்கும் கணக்கு நேராகியிருக்கும்.

வித்துராவில் பஸ் நின்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சந்தைக்காரர்கள் காலிக் கூடைகளோடு முண்டியடித்து ஏறினார்கள். ஓமனா ஃபைலை அணைத்துக்கொண்டு எழுந்தாள். முன்வாசல் பக்கத்தில் இருந்தும் அந்த வழியாக இறங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கம் வந்து, உலகம்மாளின் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றாள். முகத்தில் கோபம் இல்லை.

"சேச்சி நல்லாப் படிக்கணும்" என்றாள். "அது என் சீட்டாக்கும்."